கோட்டில் நின்றவர்

…பார்க்கிறார்களா இவர்கள், ஒருத்தராவது கண்ணால் பார்க்கிறார்களா, கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு, பெற்ற பிள்ளை எதிரே ஓடி வரும்போதுகூட அந்தக் கண்ணாடிச் சதுரத்துக்குள்ளேதான் குட்டியாய்ப் பார்ப்பார்களாம், அப்புறம் வீட்டுக்குப் போய் நிதானமாக மறுபடி பார்ப்பார்களாம், அதுவும் பார்க்க மாட்டார்கள், எதிர்வீட்டுக்காரனுக்கு அனுப்பிவிட்டு மறந்துபோவார்கள், கண் எதற்கு இருக்கிறது இவர்களுக்கு, கண்ணாடி மாட்டவா… என்று முணுமுணுத்தபடி முடிவுக் கோட்டின் முனையில் நின்றார் சுண்ணாம்புக்காரர். அவர் முணுமுணுப்பது ஊருக்குப் புதிதில்லை. ஆனால் இந்த நிமிஷம் அது வெறும் சாக்கு, உள்ளே ஓடிக்கொண்டிருந்தது வேறு. முப்பது பேர் அவரைச் சூழ்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். பெண்கள் இருநூறு மீட்டர் இப்போதுதான் முடிந்தது. சிவப்பு பனியன் போட்ட தையல்கடைப் பெண்ணும், நீல பனியன் போட்ட பால்கடைக்காரர் மகளும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி வந்து கோட்டைத் தாண்டினார்கள், அவர் வழக்கம்போலக் கையை உயர்த்தி "செவப்பு!" என்று மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கும்படி கத்தினார், கத்தி முடித்து வாயை மூடும்போதுதான் தெரிந்தது, அவர் பார்க்கவில்லை.

பார்க்கவில்லை என்றால்… கண் திறந்துதான் இருந்தது, தூசி விழவில்லை, தும்மல் வரவில்லை, ஆனால் கண் கோட்டில் இல்லை. இருபத்தெட்டு வருஷமாக இந்த ஊர் விளையாட்டு விழாவுக்குக் கோடு போடுகிறவர் அவர், சுண்ணாம்புத் தூளை டப்பாவில் போட்டுத் தட்டித் தட்டிக் கயிற்றோரம் நடந்தாரென்றால் கோடு கம்பி மாதிரி இருக்கும். அந்தக் கோட்டில் நின்று முதல் இடம் யாருக்கு என்று சொல்வதும் அவரே. மரக்கடையில் சுமை தூக்கிய காலத்திலேயே மரச்சட்டத்தை ஒரு கண்ணால் பார்த்து, மூன்று நூல் அளவு கோணல் என்பார், முதலாளி டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு அதைத் திருப்பி அனுப்புவார். மூன்றாம் வகுப்போடு புத்தகத்தை மூடிய ஆளுக்கு வேறென்ன சொத்து, இரண்டு கண்தான். ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறவனை அவர் நம்புவதில்லை, விரலுக்கும் தூக்கம் வரும் என்பார். பேப்பரை நம்புவதில்லை, மைக்கை நம்புவதில்லை, கைகொடுத்துச் சிரிக்கிறவனை அறவே நம்புவதில்லை. தன் கண்ணை நம்பினார். அந்தக் கண் இன்றைக்கு, அடுத்த மாதம் நடக்கிற பெரிய போட்டிக்கு இந்த ஊரிலிருந்து ஒரே ஒரு பெண்ணை அனுப்ப வேண்டிய நாளில், கோட்டைத் தாண்டி நாலடி தள்ளி, ஊர்ப் பேப்பருக்குப் படமெடுக்க மண்ணில் குப்புறப் படுத்திருந்த பேப்பர்க்காரம்மாவின் முதுகில் போய் நின்றுவிட்டது. இரண்டாவது இடம் பார்க்க வேண்டிய மாஸ்டரோ காய்ச்சல் என்று வரவில்லை, ஆக மொத்தம் அந்தக் கோட்டுக்கு இருந்தது ஒரே ஜோடிக் கண்.

முதுகு என்றால் தப்பாக ஒன்றும் இல்லை, அவர் மகளைவிட நாலு வயது மூத்தவள் அவள், நாற்பது தாண்டியவள், ஆம்பளைச் சட்டையும் முழங்காலில் ரப்பர் வைத்துத் தைத்த பேன்ட்டும் போட்டு, பள்ளிக்கூடப் பையின் வாரைக் கேமராவுக்கு மாட்டிக்கொண்டு திரிகிறவள். ஓட்டக்காரிகள் கடைசி இருபது அடியில் வரும்போது அவர் தற்செயலாகத்தான் பார்த்தார், அவள் முதுகு ஏறி இறங்கவில்லை. மூச்சைப் பிடித்திருந்தாள். ஓடுகிறவள் மூச்சுமுட்டப் பிடிப்பாள், சரி, படம் எடுக்கிறவள் எதற்குப் பிடிக்கிறாள், மூச்சு விட்டால் கை அசையும் போல, கை அசைந்தால் படம் கலையும் போல… அடேயப்பா, இப்படி ஒரு வேலைக்காரி, என்று நினைத்தார். அவ்வளவுதான், ஒரு நினைப்பின் நேரம். காதோரம் இரண்டு காற்று கடந்து போனது, வாய் தானாகச் செவப்பு என்றது. ஏன் செவப்பு? கண்ணின் ஓரத்தில் சிவப்பு பட்டதா, அல்லது சிவப்பு எதற்கும் முதலில் கண்ணில் படுகிற நிறம் என்பதாலா… எத்தனை புரட்டிப் பார்த்தும் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"கண்ணு எங்க இருந்துச்சு உங்களுக்கு? எம்பொண்ணு நெஞ்சு முன்னால வந்துச்சுய்யா, குருடனுக்குக்கூடத் தெரியும்!" என்று பால்கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "குருடனைக் கூட்டிட்டு வாங்க, அவன்கிட்ட கேப்போம்" என்று தையல்கடை ஆள் பதிலுக்கு விட்டார். போன்களைக் கொண்டுவந்து நீட்டினார்கள். இந்தப் பக்கம் நின்றவன் போன் சிவப்பு என்றது, அந்தப் பக்கம் நின்றவன் போன் நீலம் என்றது, ஒன்றில் வெறும் ஆகாயம், இன்னொன்றில் போன் வைத்திருந்தவனுடைய மூக்கு. மைக்கைப் பிடித்திருந்த செயலாளர், அமைதி, அமைதி என்று அவரே பெரிதாகச் சத்தம் போட்டார். யாரோ சொன்னார்கள், பேப்பர்க்காரம்மாகிட்ட கேளு, அது கேமராவில் இருக்கும், அது பெரிய கேமரா. எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது, சுண்ணாம்புக்காரர் மட்டும் திரும்பவில்லை, ஏனென்றால் அவள் பொய் சொல்ல மாட்டாள், அது அவருக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

தெரிந்த கதை ஐந்து வருஷத்துக்கு முந்தியது. கேரம் போட்டியில் மருமகன் முதல் பரிசு வாங்கினான், பேப்பரில் படம் வந்தது, வீட்டில் எழுத்தைப் படிப்பது வீட்டுக்காரி, படத்தைப் படிப்பது அவர். அவள் படத்துக்குக் கீழே வாசித்தாள், கோப்பையைக் கட்டிப்பிடித்து நிற்கிற மருமகனுக்கு மரக்கடைக் கணக்குப்பிள்ளை பேர், ஓரத்தில் தோற்றுப்போய் நிற்கிற கணக்குப்பிள்ளைக்கு மருமகன் பேர். மகள் அழுதாள், மருமகன் சிரித்து மழுப்பினான், இவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பேப்பர் ஆபீஸ் என்றால் என்னமோ என்று நினைத்திருந்தார், சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை, கொக்கி உடைந்த ஜன்னலைக் கம்பியால் கட்டியிருந்தது, மேஜை ஒன்று, நாற்காலி இரண்டு, அதில் ஒன்றில் பழைய பேப்பர் கட்டு உட்கார்ந்திருந்தது. வாயில் வந்ததெல்லாம் திட்டினார். அந்தம்மா வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, எதிர்த்துப் பேசவில்லை, அழவில்லை, படத்தை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "வரிசையில நின்னவர்கிட்டயே பேர் கேட்டேன் பெரியப்பா. அவரு தன்னோட எடப்பக்கத்துலேர்ந்து சொல்லிட்டாரு, நான் என்னோட எடப்பக்கம்னு எழுதிட்டேன். தப்பு என்னோடது." சரி, மூலையில் எறும்பு மாதிரி ஒரு திருத்தம் வரும், யார் கண்ணிலும் படாது, என்று கறுவிக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் அதே படம், அதே பக்கம், அதே அளவு, பேர்கள் சரியாக. மேலே, போன வாரம் நாங்கள் தவறாகப் போட்டோம் என்று கொட்டை எழுத்தில். இவருக்கு நம்பிக்கை வரவில்லை, இதில் என்ன சூழ்ச்சி என்று கேட்க மறுபடி மாடி ஏறினார். அவள் சொன்னாள், "எவ்வளவு பெருசாப் பண்ணினோமோ அவ்வளவு பெருசாத் திருத்தணும் பெரியப்பா. இல்லைன்னா அது திருத்தமில்ல, ஒளிச்சு வைக்கறது." அன்றைக்குப் பிடித்தது அவருக்கு, வேவு பார்க்கிற வியாதி. அவள் எங்கே சறுக்குகிறாள் பார்க்கலாம் என்று ஐந்து வருஷமாகப் பார்க்கிறார், இன்னும் அகப்படவில்லை.

எத்தனை பார்த்துவிட்டார்! நூலகத் திறப்பு விழாவில் பரிசு கொடுத்த பெரிய மனிதர், சரியாக விழுந்திருக்காதோ, இன்னொரு தடவை கொடுக்கட்டுமா என்று கோப்பையைத் திரும்ப வாங்கப் போனபோது, "ஒரு தடவைதானே குடுத்தீங்க, ஒரு தடவைதான் எடுப்பேன்" என்றாள், அவர் முகத்தில் ஈயாடவில்லை. சின்னக் குழந்தைகள் குண்டு எறியும்போது மண்ணோடு மண்ணாக உட்கார்ந்து எடுப்பாள், படத்தில் அதுகள் பனைமரம் மாதிரி நிற்கும். கயிறு இழுக்கிற போட்டியில் எல்லாரும் முகத்தை எடுத்தால் இவள் குதிகாலை எடுப்பாள், அந்தக் குதிகால் மண்ணைக் கிழித்திருப்பதைப் பார்த்தால் யார் தோற்றது என்று எழுத்தே வேண்டாம். கடைசியில் வருகிறவன் வந்து சேருகிறவரை இடத்தை விட்டு நகர மாட்டாள், பந்தலே பிரித்துவிட்டாலும். ரத்ததான முகாமில் ஊசியைப் பார்த்துப் பயப்படுகிற போலீஸ்காரரை எடுத்தாள், எடுத்துவிட்டு அவரிடமே, போடட்டுமா என்று கேட்டாள், அவர் கும்பிட்டார், அங்கேயே அழித்துவிட்டாள். காலையில் மைதானத்துக்கு முதலில் வருவது இவர், இரண்டாவது அவள், வந்ததும் கேட்பாள், "நாலு மணிக்கு வெயில் எந்தப் பக்கம் விழும் பெரியப்பா?" இதை ஒரு மனுஷன் இவரிடம் கேட்டதுண்டா! இவர் கையைக் காட்டுவார், அவள் அங்கே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவாள். வாய் திறந்து நீ நல்லாப் பண்றேம்மா என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் எப்படிச் சந்தேகப்படுவது.

அவள் இப்போது கேமராவின் முதுகை உள்ளங்கையால் மறைத்து வெயில் படாமல் பார்த்தாள். பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், என்னம்மா கண்காட்சியா நடக்குது, சொல்லும்மா, என்று ஒருவன் கத்தினான். "அது எங்க சொல்லும், பேன்ட்டுக்கு ரப்பர் தெச்சுக் குடுத்ததே அந்தச் செவப்புப் பொண்ணுதான்" என்றார் பால்கடைக்காரர். அவள் நிமிர்ந்தாள். "என் படத்துல நீலந்தான் முன்னால இருக்கற மாதிரி தெரியுது" என்றாள். பால்கடைக்காரர் துண்டை எடுத்து வீசினார். "இருங்க. நான் கோட்டுல இல்லை. கோட்டைத் தாண்டி, நீலத்துப் பக்கம் சாய்வாப் படுத்திருந்தேன். கிட்ட இருக்கறவங்கதான் முன்னால வந்த மாதிரி விழும். சாய்வா எடுத்த படம் இந்த விஷயத்துக்குச் சாட்சியாகாது, இதை வெச்சு முடிவு பண்ணாதீங்க." அப்புறம் கையை நீட்டி அவரைக் காட்டினாள். "கோட்டுல நின்னவர் அவருதான்."

முப்பது தலையும் திரும்பி இவர்மேல் விழுந்தது. கோட்டுல நின்னவர்… நின்னவர்தான், நின்னதில் குறையில்லை, செருப்பு நுனி சுண்ணாம்பைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. செயலாளருக்கு உயிர் வந்தது, பெரியவர் சொன்னால் சொன்னதுதான், சிவப்பு, என்று மைக்கில் முடித்துவிட்டார், கூட்டம் முனகிக்கொண்டு கலைந்தது, தையல்கடைப் பெண்ணை இரண்டு பேர் தூக்கிச் சுற்றினார்கள். முடிந்தது. இனி ஒருத்தனும் கேட்கப் போவதில்லை. சும்மா போய்த் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த ஓட்டத்துக்கு நிற்கலாம், யாருக்குத் தெரியும்… அவளுக்கு? அவ்வளவு நேரம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு நெஞ்சைப் பார்க்க அவ்வளவு நேரமா? கால் தானாக அவள் பக்கம் நடந்தது. "அந்தப் படத்தைக் காட்டு" என்றார். "எதுக்குப் பெரியப்பா?" "காட்டுன்னா காட்டேன்." அவள் காட்டினாள். சிவப்பும் நீலமும் வாயைப் பிளந்து, கழுத்து நரம்பு கயிறாகி, பறந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, பின்னால், கோட்டின் மறுமுனையில் வெள்ளைச் சட்டைக் கிழவர் ஒருவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோட்டைப் பார்க்காமல், ஓடுகிறவர்களைப் பார்க்காமல், நேராகக் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யார், இவரேதான். வாய் லேசாகத் திறந்திருந்தது. வேடிக்கை பார்க்கிற வாய்.

பொதுவாகச் சின்னக் கண் அவருக்கு, படத்தில் அது பெரிதாக, தெளிவாக, கேட்பாரில்லாமல் திறந்திருந்தது. "நீ பாத்துட்டே" என்றார். "பாத்தேன்." "அப்புறம் ஏன் அங்க சொல்லலை?" அவள் லென்ஸ் மூடியைத் திருகினாள். "நான் என்ன பாத்தேனோ அதைச் சொன்னேன். நீங்க என்ன பாத்தீங்கன்றதை நீங்கதான் சொல்லணும்." குரலில் குத்தல் இல்லை, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்குக் குத்தியிருக்கலாம். இதைப் போடுவாயா என்று கேட்டார். இந்த வருஷம் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான் என்றாள். அழிச்சிடும்மா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, ஒரு பொத்தான்தானே, அழுத்தினால் போயிற்று. வீட்டுக்காரி பேப்பரை விரித்தால் என்ன சொல்வாள், நாற்பது வருஷத்துல என்னை ஒருநாளாவது இப்படி வாயைத் திறந்து பாத்திருப்பீங்களா என்பாள், அதையாவது தாங்கலாம்… ஊசிக்குப் பயந்த போலீஸ்காரருக்கு அழித்தாளே. அழிப்பாள், கேட்டால் இவருக்கும் அழிப்பாள் போலத்தான் இருக்கிறது. ஆனால் போலீஸ்காரர் பயந்ததில் யாருக்கு என்ன போயிற்று, இங்கே நீலப்பெண் ஷூவைக் கழற்றாமல் கோட்டையே வெறித்துக்கொண்டு நிற்கிறாள். அவர் சிவப்பு என்றது மைதானத்துக்கே கேட்டது. அவ்வளவு பெரிசாகச் சொன்னதை இங்கே இவள் காதில் மட்டும் ஒத்துக்கொண்டால், மூலையில் போடுகிற எறும்புத் திருத்தம்தானே அது. பாவி, மாடி ஏறி வந்து கற்றுக்கொண்டு போனோமே இதை.

செயலாளரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்குகிற மாதிரிதான் வாங்கினார். வாயருகே வைத்தால் கிரீச் என்றது, தள்ளி வைத்தார். "செவப்புன்னு சொன்னேன். நான் பாக்கலை. கண்ணு வேற எங்கயோ போயிடுச்சு. தப்பு என்னோடது." இருபத்தெட்டு வருஷம் நாலு வாக்கியத்தில் கீழே இறங்கியது. யாரோ விசில் அடித்தான், யாரோ, பெரிசுக்கு வயசாயிடுச்சுப்பா என்றான், போன்கள் மேலே எழுந்தன. அரைமணி ஓய்வு கொடுத்து இரண்டு பேரையும் மறுபடி ஓடவிடுவது என்று முடிவானது, பால்கடைக்காரர் மகள் உடனே தலையாட்டினாள். தையல்கடைப் பெண் இவர் எதிரே வந்து நின்றாள், தூக்கிச் சுற்றியதில் பின்னல் அவிழ்ந்து தொங்கியது. "நீங்க பாக்காததுக்கு நான் ஏன் தாத்தா ரெண்டாந்தடவை ஓடணும்?" கேட்டுவிட்டு, பின்னலைப் பல்லில் கடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு புறப்பாட்டுக் கோட்டுக்குப் போனாள்.

அந்த அரைமணிக்குள், காலடி பட்டுக் கலைந்திருந்த இடத்தில் அவர் சுண்ணாம்பை மறுபடி தட்டினார். கோடு பழையபடி கம்பி மாதிரி விழுந்தது. இந்தத் தடவை பேப்பர்க்காரம்மா படுக்கவில்லை, கோட்டின் மறுமுனைக்கு நேராக வந்து நின்றுகொண்டாள், இவருக்கு அவள் ஷூ தெரிந்தது, ஷூவுக்கு மேலே பார்க்கவில்லை, பார்ப்பாரா இனி. துப்பாக்கி வெடித்தது. கோடு, கோடு, கோடு மட்டும்… உலகத்தில் வேறு எதுவும் கிடையாது, வெள்ளையாக நாலு விரல் அகலம்… வந்தது ஒரு நெஞ்சு, அரைக் கை தள்ளி இன்னொரு நெஞ்சு, சந்தேகமே இல்லை, மரக்கடைச் சட்டம் மாதிரி தெளிவு. "நீலம்!" முன்னே கத்திய அதே அளவுக்குக் கத்தினார். ஒருத்தனும் மறுக்கவில்லை. பால்கடைக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார், பெரியவரே பெரியவரே என்றார், இவர் கையை உருவிக்கொண்டார்.

தையல்கடைப் பெண் சுவரோரம் உட்கார்ந்து ஷூவின் முடிச்சை அவிழ்க்க முடியாமல் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பேப்பர்க்காரம்மா அவள் பக்கத்தில் போய், ரப்பர் முழங்காலை மண்ணில் ஊன்றி, கேமராவைத் தூக்காமல், நோட்டை எடுத்து முழுப் பேரும் கேட்டாள். "தோத்தவ பேரு எதுக்குக்கா?" "ரெண்டு தடவை ஓடினவ பேரு வேணும்." பெண் சிரிக்கவில்லை, ஆனால் பேரைச் சொன்னாள், ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் அந்தம்மாவுக்கு, எந்தப் பள்ளிக்கூடத்தில்… அவள் எழுந்து இவரிடம் வந்தாள், "படம் போடுவேன் பெரியப்பா. மைக்குல நீங்க சொன்னதையும் சேத்து, அதே அளவுல." இவர் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். "எம்பேரு எந்தப் பக்கம் வரும், எடமா வலமா?" "நடுவுல" என்றாள், சிரித்தாள். இவருக்கும் உதட்டோரம் இழுத்தது, இழுத்ததை அடக்கிக்கொண்டு அடுத்த ஓட்டத்துக்கு வேறு யாரையாவது நிற்க வைக்கச் சொல்லிவிட்டு நடந்தார்.

வாசல்வரை நூற்று இருபது அடி. இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனை நெஞ்சு, எத்தனை தோள், எத்தனை கால்விரல் அந்தக் கோட்டைத் தாண்டியது, அத்தனையும் சரியாகச் சொன்னாரே, அதில் ஒரு முகம்… ஒரு முகமாவது ஞாபகம் இருக்கிறதா? சற்றுமுன் ஜெயித்தாளே பால்கடைக்காரர் மகள், அவள் அழுதாளா, சிரித்தாளா, கோட்டைத் தாண்டும்போது கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? தெரியாது. அவள் நெஞ்சு அரைக் கை முன்னால் இருந்தது, அது தெரியும். அவர் பார்க்காத அந்த முதல் ஓட்டத்தில் இரண்டு பேருடைய முகமும் வாயைப் பிளந்து கண்ணுக்குள் நிற்கிறது, அதுகூட அந்தம்மா எடுத்த முகம். ஊரில் இருக்கிற முகமெல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கிறது… அதற்காக? முகம் பார்க்கவா அவரை அங்கே நிறுத்தினார்கள்? அந்தம்மா நல்லவளாகவே இருக்கட்டும், ஊரிலேயே நல்ல வேலைக்காரியாக இருக்கட்டும், களைத்துப்போன காலை இரண்டாந்தடவை ஓடவிட்டு வாங்கிய பதில், முதல் தடவைக்குப் பதிலாகிவிடுமா? வாசலில் எவனோ போனை நீட்டி, "தாத்தா, இந்தப் பக்கம் பாருங்க, ஒண்ணே ஒண்ணு" என்றான். அவர் பார்க்கவில்லை. செவப்பாத்தான் இருக்கணும் என்று ஒருதரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நீலம் என்றும் சொல்லிப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி கேட்டது. சுண்ணாம்பு டப்பாவைக் கை மாற்றிக்கொண்டு நடந்தார்.